சீர் வந்த லேகியம்

மாதேஸ்வரனின் உடம்பைப் பற்றி ஊரில் கருத்துச் சொல்லாதவர்கள் இரண்டே பேர்தான். ஒன்று மாதேஸ்வரன், மற்றொன்று கோயில் காளை. மற்ற எல்லோரும் சொன்னார்கள். அதுதான் அர்ச்சுனக் கவுண்டருக்குப் பொறுக்கவில்லை.

மாதேஸ்வரன் அவருடைய தம்பி மகன். தம்பி போய்ச் சேர்ந்தபின் பெரியப்பன் கையில் வளர்ந்தவன். காரிமங்கலத்துக்குக் கிழக்கே இருக்கும் மொட்டுப்பட்டியும் அதை அடுத்த கீழூரும் ஒரே மாரியம்மனைக் கும்பிடும் ஊர்கள். பங்குனித் திருவிழாவின் மறுநாள் இரண்டு ஊருக்கும் குஸ்தி நடக்கும். ஜெயித்தவன் எந்த ஊரோ, அந்த ஊரின் பெரிய குடும்பத்துக்கு அடுத்த பங்குனி வரை முதல் தாம்பூலம். கல்யாணமானாலும் பஞ்சாயத்தானாலும் அந்தக் குடும்பத்து மனிதர் தட்டைத் தொட்ட பிறகுதான் மற்றவர்கள் வெற்றிலையில் கை வைக்கலாம். கவுண்டரின் தகப்பனார் காலத்திலிருந்து அந்தத் தட்டு பெரிய வூட்டை விட்டு நகர்ந்ததில்லை. நிலத்தில் பாதி ஏரி மேட்டில் காய்ந்து கிடந்தது. வாசல் கதவின் பித்தளைக் குமிழ் ஒன்று விழுந்து போயிருந்தது. ஆனால் தட்டு இருந்தது. தட்டு இருக்கும்வரை கவுண்டரின் முதுகு வளையாது.

அந்த ஆண்டு, அதாவது சேலம் ஜில்லாவில் கள்ளுக்கடைகளை மூடியதற்கு அடுத்த ஆண்டு, தை மாதத்தில் மாதேஸ்வரனுக்கு முறைக்காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனபோது அவன் தோளில் இருந்த சதையையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. கர்லாக்கட்டையை இரண்டு சுற்றுச் சுற்றினால் மூச்சு வாங்கியது. கீழூரில் சவுரியப்பன் என்றொருவன் புதிதாக இறங்கப் போகிறான், வண்டிச் சக்கரத்தைத் தனியாகக் கழற்றி மாட்டுகிறவன் என்ற செய்தியும் அதே வாரம் வந்து சேர்ந்தது.

வஸ்தாது காதர் சாயபு மட்டும் அலட்டிக்கொள்ளவில்லை. குஸ்தி சொல்லிக் கொடுப்பதற்காகக் கிருஷ்ணகிரியிலிருந்து வந்து கவுண்டரின் களத்துக் கொட்டகையில் தங்கியிருந்த மனிதர். "களி, கொள்ளு, பாலு, தூக்கம். ஒரு மாசத்துல பாதி உடம்பு வந்துரும் கவுண்டரே. மீதிப் பாதி அடுத்த வருசம் வரட்டும்," என்றார்.

"அடுத்த வருசம் உடம்பு வந்து என்ன சாயபு பண்றது? இந்த வருசம் தட்டு போயிருமே," என்றார் கவுண்டர்.

இந்த நிலையில்தான் முதல் தூக்குப்போசி வந்தது.

அனுப்பியவர் ஏரியூர் முனிராஜ், மாதேஸ்வரனின் மாமனார். மகள் பேறுகாலத்துக்குத் தாய் வீடு போயிருந்தாள். மாப்பிள்ளை இளைத்துவிட்டான் என்று கேள்விப்பட்டதும் வண்டி கட்டிக்கொண்டு தாமே வந்தார். பளபளவென்று துலக்கிய பித்தளைத் தூக்குப்போசி. வாய்க்கு மஞ்சள் துணி. உள்ளே கரேலென்று லேகியம்.

"எங்க பாட்டன் கண்ட மருந்துங்க சம்பந்தி," என்றார். "நெல்லிக்காய் அளவு. காலையில ஒருவாட்டி, அவ்வளவுதான். பாலும் நெய்யும் நல்லா சேத்துக்கணும். புளி ஆகாது, உப்பு ஆகாது, வெயில் ஆகவே ஆகாது. ஒரு மண்டலம் சாப்பிட்டா எலும்பும் இரும்பாப் போயிரும்."

கவுண்டர் தலையசைத்தார். அதில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று அவர் கேட்கவில்லை. கேட்க மாட்டார். சீராக வந்த பண்டத்தைக் கிளறி இதில் என்ன போட்டாய் என்று கேட்பது, கொண்டு வந்தவன் முகத்தில் அடிப்பதற்குச் சமம். பெரிய வூட்டில் அந்தப் பழக்கம் கிடையாது.

இல்லையென்று சொல்லக் கூடாது. லேகியம் வேலை செய்தது. ஒரு வாரத்தில் மாதேஸ்வரனுக்குப் பசி திறந்தது. ஒரு உருண்டைக் களியோடு எழுந்து போனவன் மூன்று உருண்டைக்கு உட்கார்ந்தான். முகத்தில் எண்ணெய் பூசினாற்போல் ஒரு பளபளப்பு. தண்டால் எடுக்கும்போது முதுகில் மறுபடி சதை புரண்டது. நம்பாத வஸ்தாதே ஒரு நாள் அவன் தொடையைத் தட்டிப் பார்த்துவிட்டு, "பரவால்லையே," என்றார். அந்த ஒரு சொல்லோடு எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

ஆனால் முனிராஜ் சும்மா இருக்கிற மனிதரா? காரிமங்கலம் சந்தையில், "என் மருந்துலதான் பெரிய வூட்டுத் தட்டே நிக்கப் போவுது," என்று நாலு பேர் காதில் போட்டுவிட்டுப் போய்விட்டார். அது நல்லம்பள்ளிக்குப் போக இரண்டு நாள் கூட ஆகவில்லை.

நல்லம்பள்ளியில் இருந்தவர் ஆண்டி, மாதேஸ்வரனின் தாய்மாமன். தாய்மாமன் இருக்க மாமனார் பேர் வாங்குவதா? மறுநாளே வந்து நின்றார். கையில் கண்ணாடிப் புட்டி. புட்டியின் மேல் தோள் புடைத்த ஒரு வெள்ளைக்காரன் படம்.

"மெட்ராஸ் டானிக்குங்க மாமா. பட்டாளத்துல இதத்தான் குடுக்கறாங்களாம்."

கவுண்டர் மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். புருவம் இரண்டும் சேர்ந்துகொண்டன.

"ஏன் மாப்ள, கடைய மூடுனது உனக்கு மறந்துபோச்சா? இது சாராயம்."

"ஐயோ, டானிக்குங்க! டாக்டருங்களே எழுதிக் குடுக்கறது!"

"எழுதிக் குடுத்தா நாத்தம் போயிருமா? நாளைக்கு போலீஸ்காரன் வந்து பெரிய வூட்டுல புட்டிய எடுத்தான்னா, நீயா வந்து பதில் சொல்லுவ? கண்டதையும் என்ன சேருதுன்னு தெரியாம பையன் வாயில ஊத்தறதுக்கு இது என்ன மாட்டுத் தொட்டியா?"

புட்டி எருக்குழியில் கவிழ்ந்தது. என்ன சேர்ந்திருக்கிறது என்று தெரியாததை வாயில் ஊற்றக் கூடாது என்று அன்றைக்கு அத்தனை கண்டிப்பாகச் சொன்னவருக்கு, அடுப்பங்கரை உறியில் மஞ்சள் துணி கட்டித் தொங்கும் தூக்குப்போசி நினைவுக்கு வரவில்லை. புட்டி அந்நியம். போசி சொந்தம். சொந்தத்தில் கெடுதல் இருக்கும் என்று நினைப்பதே அவருக்கு ஒழுங்கீனமாகப் பட்டிருக்கும்.

மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு போன ஆண்டி, அடுத்த வாரம் திரும்பி வந்தார். இம்முறை அவர் கையிலும் ஒரு பித்தளைத் தூக்குப்போசி. ஏரியூர்ப் போசியைவிட ஒரு சுற்றுப் பெரியது.

"இதுல சாராயம் இல்லீங்க," என்றார் இடக்காக. "எங்க வைத்தியர் காசிக்குப் போயி கத்துக்கிட்டு வந்தது. ராத்திரி படுக்கறப்ப ஒரு உருண்டை. இதையும் வேண்டாம்னு கொட்டிட்டீங்கன்னா, எங்க அக்கா இந்த வூட்டுல வாழ்க்கைப்பட்டதுக்கு எனக்கு என்ன மரியாதைன்னு நான் கேக்க வேண்டி வரும்."

கதவுக்குப் பின்னாலிருந்து சின்னம்மாள் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அவள் மாதேஸ்வரனின் தாய்; கணவனுக்கு மூத்தவர் எதிரில் வந்து நின்று பேசுகிற வழக்கம் அவளுக்கு இல்லை. ஆனால் மூக்கை உறிஞ்சுவதில் அவள் சொல்ல நினைத்ததெல்லாம் இருந்தது. கவுண்டர் போசியை வாங்கி உள்ளே கொடுத்தார்.

காலைக்கு ஏரியூர், ராத்திரிக்கு நல்லம்பள்ளி என்று ஆயிற்று. அதோடு நின்றதா? கவுண்டருக்குத் தூக்கம் போயிற்று. பையன் ஜெயித்தால், ஜெயித்தது முனிராஜ் லேகியமா ஆண்டி லேகியமா என்று இரண்டு பேரும் சந்தையில் கட்டிப் புரளப் போகிறார்கள். பெரிய வூட்டுப் பேர் எங்கே? வளர்த்தவன் என்ன, வேடிக்கை பார்த்தவனா?

மனைவி கோவிந்தம்மாளைக் கூப்பிட்டார். "எங்கப்பாரு குஸ்தி போடறப்ப நம்ம வூட்டுல ஒண்ணு கிண்டுவாங்களே, நெனப்பிருக்குதா?"

"நெனப்பிருக்குதுங்க. ஆனா அதுக்குச் சேங்கொட்டை வேணுமே. கொட்டை மேல கையி பட்டாலே வெந்துபோவும். சலவைத் துணியில குறி போடற கொட்டை அது. வாயில போடறதுன்னா எத்தனையோ தடவ பால்ல வேவ வெச்சு..."

"அதெல்லாம் தெரியும். வத்தல்மலை செல்லன் சந்தைக்கு வருவான். சொல்லி அனுப்பறேன்."

செல்லன் மலையிலிருந்து தேனும் கடுக்காயும் கொண்டு வருகிறவன். கேட்ட கொட்டையைக் கொண்டு வந்து கொடுத்துவிட்டுப் போனான். கோவிந்தம்மாள் கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு, இரண்டு நாள் கொட்டகையில் அடுப்பு மூட்டி, சுத்தி செய்து, எள்ளும் கருப்பட்டியும் சேர்த்துக் கிண்டினாள். பெரிய வூட்டு லேகியம் மத்தியான வேளைக்கு வைத்துக்கொள்ளப்பட்டது. வேறு வேளை மிச்சமில்லை.

வஸ்தாது ஒரு நாள் கவுண்டரைத் தனியாகப் பிடித்தார்.

"பையன் உடம்பு அனலா கொதிக்குது கவுண்டரே. பிடி போடறப்ப என் கையே சுடுது. அக்குள்ள சொறிஞ்சுக்கிட்டே இருக்கான். கேட்டா வேர்க்குருங்கறான். ஏதாவது ஒண்ண நிறுத்துங்க."

"எத நிறுத்தறது? அதையும் நீங்களே சொல்லிருங்க," என்று சீறினார் கவுண்டர். "மாமனாருத நிறுத்தினா பொண்ணு ஏரியூர்லயே தங்கிரும். தாய்மாமனுத நிறுத்தினா இங்க ஒருத்தி கதவுக்குப் பின்னாலயே அழுது தீப்பா."

"உங்களுத நிறுத்தலாமே."

கவுண்டர் வஸ்தாதை மேலும் கீழும் பார்த்தார். அப்படியொரு யோசனை ஒரு மனிதனுக்கு எப்படித் தோன்றுகிறது என்றே அவருக்குப் புரியவில்லை.

இதற்கு மேல் நடந்ததை அடுப்பங்கரை நடத்தியது. திருவிழாவுக்கு ஏரியூராரும் நல்லம்பள்ளியாரும் வருவார்கள். வந்து திரும்பும்போது அவரவர் போசியை எடுத்துப் போவார்கள். சீர் வந்த பாத்திரம் திரும்பும்போது அதில் கொடுத்த பண்டம் ஒட்டிக்கொண்டிருக்கக் கூடாது. கழுவித் துடைத்து, இந்த வீட்டுப் பண்டம் ஏதாவது போட்டுத்தான் திரும்ப வேண்டும். மிச்சத்தோடு திரும்பினால், உன் உறவு எங்களுக்கு வேண்டாம் என்று அர்த்தம். ஒரு மண்டலத்துக்கென்று வந்த லேகியம் பாதிப் போசிக்கு மேல் நின்றது. திருவிழாவோ வாசலுக்கு வந்துவிட்டது.

வேறொரு ஏனத்தில் மாற்றி வைத்துவிட்டுப் போசியைக் கழுவலாமே என்று கேட்பவர்களுக்கு, கோவிந்தம்மாளைத் தெரியாது. "ஏமாத்தறதுக்கா சீர் வாங்கினோம்?" என்பாள். ஆக, நெல்லிக்காய் அளவு எலுமிச்சை அளவாயிற்று. கடைசி நாட்களில் சின்னம்மாள் கரண்டியால் வழித்தே மகன் கையில் வைத்தாள். "மாமன் போசிடா, தட்டாத," என்றாள். அந்தப் பக்கம் கோவிந்தம்மாள், "மாமனார் போசிடா, அவங்க பொண்ணு மொகத்துல நான் முழிக்கணும்," என்றாள். மாதேஸ்வரன் இரண்டு கையையும் நீட்டினான். கோதாவில் யாருக்கும் பணியாத பயல், அடுப்பங்கரையில் யாரையும் மறுத்ததில்லை. பத்தியத்தை மட்டும் யாரும் பார்க்கவில்லை. தோரணம் கட்டவும் கோதா மண்ணைக் கொத்திப் போடவும் நாளெல்லாம் அவன் வெயிலில்தான் நின்றான். உச்சியில் பங்குனி எரித்துக்கொண்டிருந்தது.

திருவிழாவன்று காலை இரண்டு போசியும் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டன. மறுநாள் காலை மாதேஸ்வரனால் கண்ணைத் திறக்க முடியவில்லை.

கவுண்டர் போய்ப் பார்த்தபோது பாயில் கிடந்தவன் தம்பி மகனென்று அடையாளம் சொல்ல வேண்டியிருந்தது. முகம் பறங்கிக்காயாக வீங்கி, கண் இரண்டும் கீற்றாகிவிட்டிருந்தன. கழுத்திலும் அக்குளிலும் தொடை இடுக்கிலும் நீர் கோத்த கொப்புளங்கள். துணி பட்டால் துடித்தான். விடியற்காலையில் சிறுநீர் காப்பித்தண்ணி போல இறங்கியது என்று வஸ்தாது மெல்லச் சொன்னார். தர்மபுரிக்கு வண்டி ஓட்டி டாக்டரை அழைத்து வரக் கவுண்டர் ஆளை அனுப்பினார்.

"கீழூர்க்காரன் வெச்சுட்டான்!" கதவுக்குப் பின்னாலிருந்து சின்னம்மாள் வீறிட்டாள். "என் புள்ளைக்குச் செய்வினை வெச்சுட்டான்!"

திருவிழாவுக்கு வந்து தங்கியிருந்த முனிராஜும் ஆண்டியும் ஓடி வந்தார்கள். வந்ததும் வராததுமாக ஒருவரை ஒருவர் பார்த்து முறைத்தார்கள்.

"என் மருந்து எத்தனையோ பேரு சாப்பிட்டதுங்க," என்றார் முனிராஜ். "கூட வேற கண்ட மருந்தும் சேந்தா நான் என்ன செய்யறது?"

"கண்ட மருந்தா? காசிக்குப் போனவரு வைத்தியமய்யா எங்களுது!"

"காசிக்குப் போனவன் அங்கயே இருந்திருக்கலாம்."

"வாய மூடுங்க ரெண்டு பேரும்!" கவுண்டர் கத்தினதில் மாட்டுக் கொட்டகையில் எருமை எழுந்து நின்றது. "சம்பந்தி, டாக்டரு வந்தா என்ன தின்னான்னு கேப்பாரு. உங்க லேகியத்துல என்ன போட்டிருக்குது?"

தம் வாழ்நாளில் முதல் தடவையாக, சீராக வந்த பண்டத்தைப் பற்றி அவர் கேட்டார். முனிராஜின் முகம் சிறுத்தது.

"அதெப்படிங்க சம்பந்தி? பாட்டன் சாவறப்ப எங்கப்பன் காதுல சொன்னது. ஒரு வூட்டு ரகசியம்..."

"என் காதுலயும் சொல்லுங்க. நானும் சாவற வயசுதான்."

முனிராஜ் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, துண்டால் வாயை மறைத்துக்கொண்டு, கவுண்டரின் காதில் சொன்னார். கவுண்டரின் தாடை ஒரு முறை அசைந்தது. ஆண்டியின் பக்கம் காதைத் திருப்பினார்.

"எங்களுது முற்றிலும் வேறங்க மாமா," என்றபடி ஆண்டி குனிந்தார். சொன்னார்.

கவுண்டர் அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டார்.

"என்னுங்க?" என்றார் முனிராஜ்.

"சேங்கொட்டை."

"ஐயோ, மெதுவாங்க! ரகசியம்னு..."

"என்ன ரகசியம்யா?" கவுண்டரின் குரல் கூரையில் முட்டியது. "நீ காதுல சொன்னதும் சேங்கொட்டை, அவன் காதுல சொன்னதும் சேங்கொட்டை! துணிக்குக் குறி போடற கொட்டைக்கு ஏரியூர்ல ஒரு பாட்டன், காசியில ஒரு வைத்தியன்! மூணு வேளையும் ஒரே கொட்டையத் தின்னிருக்கான் இந்தப் பய!"

"மூணு வேளையா?" என்றார் ஆண்டி. "எங்களுதும் அவரதும் ரெண்டுதானே? மூணாவது எந்த வூடு?"

கோவிந்தம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். கவுண்டர் சுவரைப் பார்த்தார்.

"இந்த வூடு," என்றார்.

பாயில் கிடந்தவன்தான் பேசினான். உதடு தடித்திருந்ததால் சொல் குழறியது. "பெரியப்பா, எண்ணெய் தடவி விடச் சொல்லுங்க. நான் எறங்கிருவேன். ஒரு பிடி போட்டாப் போதும்."

"எங்கடா எறங்குவ? கண்ணே தெரியல, யாரப் பிடிப்ப? கோதாக் கம்பத்தையா?" என்றார் வஸ்தாது. பிறகு கவுண்டரிடம் திரும்பினார். "இவன எறக்கினீங்கன்னா நான் இப்பவே கிருஷ்ணகிரிக்கு நடக்கறேன். உள்ளுக்குள்ள நீர்ப்பை வெந்து கெடக்குது. ஒரு குத்து தாங்க மாட்டான்."

முனிராஜுக்கு ஒரு யோசனை பிறந்தது. அவருக்கு எப்போதும் பிறக்கும். கவுண்டரை முற்றத்துக்கு அழைத்துப் போனார்.

"சம்பந்தி, வேலை கெட்டுப் போவல. அந்தம்மா சொன்னதே நல்ல வழி. செய்வினைன்னு சொல்லிருவோம். எலுமிச்சம்பழத்துல ரெண்டு ஊசியக் குத்தி கோதா மண்ணுல பொதச்சு வெச்சா, நம்மாளு ஒருத்தன் தோண்டி எடுப்பான். தீட்டுப்பட்ட கோதான்னு குஸ்திய நிறுத்திருவாங்க. குஸ்தி நின்னா தட்டு இருந்த எடத்துலயே இருக்கும். வழக்கம் அப்பிடித்தானே?"

வழக்கம் அப்படித்தான். கவுண்டருக்குத் தெரியும். அவர் சட்டென்று மறுத்துவிட்டார் என்று எழுதினால் அது உண்மையாகாது. முற்றத்தில் நின்று, வேப்பங்கொட்டை காயப் போட்டிருந்த பாயைப் பார்த்துக்கொண்டு, நன்றாகவே யோசித்தார். தட்டு போனால் அடுத்த கல்யாணத்தில் அவர் எங்கே உட்காருவார்? கீழூரின் பெரிய குடும்பத்து மணியக்காரன் தொட்டு நகர்த்திய வெற்றிலையை, அவன் கைக்குப் பிறகு எடுப்பாரா? தகப்பனார் படத்துக்கு விளக்கேற்றும்போது என்ன சொல்லுவார்? ஒரு எலுமிச்சம்பழம். ரெண்டு ஊசி. அவ்வளவுதான்.

பிறகு, புதைத்து வைத்த பழத்தைத் தோண்டி எடுக்கும் ஆள் யார் என்று நினைத்துப் பார்த்தார். தம் பண்ணையாள்தான் எடுக்க வேண்டும். அவன் முகத்தில் நாளைக்கு விழிக்க வேண்டும். ஒவ்வொரு கல்யாணத்திலும் தட்டைத் தொடும்போது அவன் எங்காவது ஒரு மூலையில் நின்று பார்த்துக்கொண்டிருப்பான். அந்தச் சவுரியப்பன் வேறு, யாரென்றே தெரியாதவன், சூனியக்காரன் என்ற பேரோடு ஊருக்குள் நடக்க வேண்டியிருக்கும்.

"சம்பந்தி," என்றார், "இந்த வூட்டுல இன்னைக்கு நடந்த முட்டாத்தனம் போதும். நீங்க ஒரு சொம்பு மோர் குடிச்சுட்டு உக்காருங்க."

"சம்பந்தி, தட்டு போயிருமே!"

"போவட்டும்!" என்று கத்தினார். கத்திவிட்டுத் தலைப்பாகையை எடுக்க உள்ளே போனார்.

கோதாவைச் சுற்றி இரண்டு ஊரும் திரண்டிருந்தன. பம்பை அடித்துக்கொண்டிருந்தார்கள். கவுண்டர் வெள்ளை வேட்டியும் தலைப்பாகையுமாகத் தனியாக நடந்து வந்தார். கையில் வெற்றிலைத் தட்டு. பின்னால் மாதேஸ்வரன் வராததைக் கண்டதும் பம்பை தானாக நின்றது. செய்வினை என்ற பேச்சு அவருக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது. மொட்டுப்பட்டி இளவட்டங்கள் தடியைக் கையில் பிடித்திருந்தார்கள். கீழூர் மணியக்காரர் எழுந்து நின்று வேட்டியை மடித்துக் கட்டினார்.

"எங்க ஆளு மேல அபாண்டம் சொல்றதா இருந்தா கவுண்டரே..."

"யாரும் சொல்லல, உக்காருய்யா," என்றார் கவுண்டர். கோதா மண்ணில் இறங்கி நடுவில் நின்றார். "எல்லாரும் கேளுங்க. எங்க வூட்டுப் பையன் இன்னைக்கு எறங்க மாட்டான். படுத்திருக்கான். செய்வினையும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. எங்க அடுப்பங்கரையிலதான் அவனப் படுக்க வெச்சோம். பலம் வரட்டும்னு மூணு பக்கம் சேங்கொட்டை லேகியம் குடுத்தோம். ஒண்ணு குடுத்தப்ப பலம் வந்துச்சு. மூணு குடுத்தப்ப வெந்துபோயிட்டான். எவனாவது கீழூர்மேல ஒரு வார்த்தை சொன்னான்னா, அவன் என் வூட்டு வாசல்ல கால் வெக்கக் கூடாது. கேட்டுச்சா?"

மொட்டுப்பட்டிப் பக்கம் தடிகள் மெல்லத் தாழ்ந்தன. யாரோ ஒருவன் சிரித்துவிட்டான். கவுண்டர் திரும்பிப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு இருமலாக மாறியது.

மணியக்காரர் கொஞ்சம் இளகி உட்கார்ந்தார். "பையனுக்கு ஒடம்பு தேறட்டுங்க. ஆடியில வெச்சுக்கலாமே, நாங்க ஒண்ணும்..."

"இரக்கப்பட்டுக் குடுக்கறத வாங்கற வூடு இல்ல இது. ஆள எறக்காதவன் தோத்தவன். எங்கய்யா அந்தச் சவுரியப்பன்? கூப்புடு. தட்ட அவன் கையில குடுக்கறேன், அவன் உங்கிட்ட குடுக்கட்டும்."

சவுரியப்பன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். நல்ல உயரம், தோளில் துண்டு. கவுண்டரின் எதிரில் வந்து நின்று இரண்டு கையையும் நீட்டினான். கவுண்டர் தட்டை நீட்டினார். அவர் கை ஒரு கணம் தட்டை விடவில்லை. எதிரிலிருந்தவன் அதைத் தவறாக எடுத்துக்கொண்டு தலை குனிந்தான். ஆனால் கவுண்டர் பார்த்துக்கொண்டிருந்தது அவன் கையை. மணிக்கட்டின் உள்பக்கம் சிவந்து தடித்திருந்தது. விரலிடுக்கில் சொறிந்த கோடுகள். துண்டு மறைத்த கழுத்தோரம் பொடிப் பொடியாகக் கொப்புளம்.

"என்னடா இது?"

"வேர்க்குருங்க."

"எங்க வூட்டுலயும் ஒருத்தன் வேர்க்குருன்னுதான் சொன்னான். என்ன தின்ன?"

சவுரியப்பன் திரும்பி மணியக்காரரைப் பார்த்தான். மணியக்காரர் வேறெங்கோ பார்த்தார்.

"சொல்றா!"

"லேகியந்தானுங்க," என்றான் அவன் குரலைத் தாழ்த்தி. "மணியக்காரரு வூட்டுல காலையில குடுத்தாங்க. பெரியம்மா வூட்டுல அந்திக்கு. பேரு தெரியாதுங்க, ரகசியம்னாங்க. நீங்க சொன்னதக் கேட்டதுலருந்து எனக்கு பயமா இருக்குதுங்க."

கவுண்டர் கண்ணை மூடிக்கொண்டார். ஏரியூர், நல்லம்பள்ளி, மொட்டுப்பட்டி, இப்போது கீழூர். இந்தத் தாலுக்காவில் சேங்கொட்டை கிண்டாத அடுப்பு ஒன்றாவது மிச்சம் இருக்கிறதா என்று அவருக்குத் தோன்றியது. கண்ணைத் திறந்ததும் தட்டைச் சவுரியப்பன் கையில் தொட வைத்து, மணியக்காரரின் மடியில் வைத்துவிட்டு, சவுரியப்பனின் முழங்கையைப் பிடித்து இழுத்தார்.

"நட."

"எங்கங்க?"

"எங்க வூட்டுக்கு. தர்மபுரியிலருந்து டாக்டரு வருவாரு. உன்னையும் பாக்கட்டும்."

மணியக்காரர் தட்டோடு எழுந்து ஓடி வந்தார். "கவுண்டரே, ஜெயிச்ச ஆள எங்க இழுத்துக்கிட்டுப் போறீங்க? இன்னும் மாலைகூடப் போடல!"

"நீ பேசாதய்யா! மாலை போட வந்துட்டான், கிண்டிக் குடுத்துட்டு! எங்கப்பாரு காலத்துத் தட்ட ஒருத்தன் கையில குடுத்திருக்கறேன். அவன் நாளைக்குப் படுத்துட்டான்னா, படுத்துக் கெடந்தவன்கிட்ட தோத்த வூடுன்னு எங்களுக்குப் பேரு வரும். அதுக்கா இத்தனையும்?"

பின்னால் கீழூர் முழுவதும் வந்தது. சண்டை என்று நினைத்துக்கொண்டு மொட்டுப்பட்டியும் வந்தது. பம்பைக்காரன் என்ன செய்வதென்று தெரியாமல் அடிக்கத் தொடங்கினான். கவுண்டர் முதுகை நிமிர்த்திக்கொண்டு, தம்மைவிட ஒரு முழம் உயரமானவனை முழங்கையைப் பிடித்து இழுத்தபடி, யாரையும் திரும்பிப் பாராமல் தெருவில் நடந்தார். வழியெல்லாம் திட்டிக்கொண்டே போனார். யாரை என்று யாருக்கும் தெரியவில்லை.

வீட்டு வாசலில் முனிராஜும் ஆண்டியும் நின்றிருந்தார்கள். கூட்டத்தைக் கண்டு ஒதுங்கி வழி விட்டார்கள்.

உள்ளே கோவிந்தம்மாள் சேங்கொட்டைக்கு முறிவாக எள்ளைப் பாலில் அரைத்து மாதேஸ்வரனின் கழுத்தில் பூசிக்கொண்டிருந்தாள். வாசலில் நிழல் விழவும் நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னொரு பாய் விரி," என்றார் கவுண்டர். "எள்ளையும் இன்னும் கொஞ்சம் அரை."